மொட்டை மாடியில் சாம்பல் மூட்டைகள்

2015 ஆகஸ்ட் 18, செவ்வாய்

மாலையில் காம்ப்ளெக்ஸ் கூட்டம். பதினான்கு கடைகளுக்கு ஆறு பேர் வந்தார்கள். அதிலும் இரண்டு பேர் பஜ்ஜிக்காக வந்தவர்கள். மூன்றாவது வருடமாக என்னையே கடைக்காரர் சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். "விஜயகுமாரி மேடம்தான் கரெக்டா செய்வாங்க" என்று கை தட்டல் வேறு. வேலையைத் தலையில் கட்டும்போது மட்டும் நான் மேடம்.

பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று சொன்னேன். மழைக்காலம் வருவதற்குள் கட்டடத்தைத் தயார் செய்ய வேண்டும். மொட்டை மாடித் தகரக் கூரையை இழுத்துக் கட்ட வேண்டும், பிளெக்ஸ் போர்டுகளை இறக்க வேண்டும், அடித்தளக் குடோனில் இருக்கும் சரக்கை மேலே கொண்டுவர வேண்டும். ஜவுளிக்கடை தனகோடி அண்ணன் சிரித்தார். "தானே புயலு நாலு வருசத்துக்கு முன்னாடி வந்துட்டுப் பூட்சி. அதுமாதிரி இனிமே நம்ம ஆயுசுல வராதுங்க."

அவருக்கென்ன. தானே அடித்த அன்று அந்தத் தகரங்களில் ஒன்று பறந்து வந்து முதல் மாடியில் இருக்கும் என் தையல் கடையின் ஜன்னலைத்தான் உடைத்தது. ஏழு மெஷினும் நனைந்தன. தை மாதக் கல்யாணங்களுக்குத் தைத்து வைத்திருந்த ரவிக்கைகள் எல்லாம் சாயம் இறங்கி ஒரே குப்பை. எட்டு மாதம் கடை பூட்டிக் கிடந்தது. சிரிக்கிறார்!

ஹரிணியிடம் போனில் புலம்பினேன். கோயம்புத்தூரில் வேலை, பேச்சு மட்டும் பெரிய விஞ்ஞானி. "கடல் சூடாயிருச்சும்மா. இனிமே பத்து நாள் மழை ஒரே நாள்ல கொட்டும். நீ சொன்னதுதான் சரி" என்றாள். மகள் என்னைச் சரி என்று சொன்ன தேதியைக் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

இவர் நவம்பர் முப்பதாம் தேதி ரிட்டயர் ஆகிறார். நிலக்கரி மைன்ஸில் முப்பத்துநான்கு வருடம். அதற்கப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பதினோராம் பிளாக்கில் நான் நட்ட முருங்கையை வேறு யாரோ பறிப்பார்கள். அது போகட்டும். எங்கே போவது என்பதுதான் கேள்வி.

இவருக்குச் சாத்தூர் பக்கம் சொந்த ஊர். வீடு இருக்கிறது. எனக்கு இங்கே கடை இருக்கிறது. இரண்டு மாதமாக இதைப் பற்றிப் பேசாமலே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இன்று காபி குடிக்கும்போது வாயைத் திறந்தார்.

"ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் தாண்டட்டும் விஜயா. கடைக்குள்ள தண்ணி வரலைன்னா வெளிய வீடு பார்த்து இங்கயே இருப்போம். வந்துச்சுன்னா மெஷினையெல்லாம் யாருக்காவது குடுத்துட்டு ஊருக்குக் கெளம்பணும். சம்மதமா?"

"உங்க ஊர்ல மழையே பெய்யாதே."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சம்மதித்தேன்? ரோஷம்தான், வேறென்ன. இந்தக் கடையை விட்டால் நான் யார்? சாத்தூரில் இவர் தம்பி மனைவிக்கு அண்ணி. அவ்வளவுதான்.

செப்டம்பர் 12, சனி

கொளஞ்சியப்பனை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என்னிடம் ஹெம்மிங் செய்யும் செல்லக்கிளியின் வீட்டுக்காரர். மைன்ஸில் பம்பு போடும் கான்ட்ராக்ட் வேலை, மற்ற நேரம் பிளம்பிங். தகரத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பாதி ஆணி துருப்பிடித்து, கையோடு வந்தது.

"காத்து கூட வேணாங்க, காக்கா வந்து குந்துனாலே பூடும்" என்றார்.

கொக்கி போல்ட் மாற்றி, குறுக்கே கம்பிக் கயிறு போட்டு இறுக்கப் போகிறார். சென்னையில் இருக்கும் கட்டட உரிமையாளர் போனில் "செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டார். தனகோடி அண்ணன் குடோனை மட்டும் தொடக்கூடாதாம். தீபாவளிச் சரக்கு இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறது.

செப்டம்பர் 20, ஞாயிறு

தகரத்தின் ஓரங்களில் பாரம் வைக்க நாற்பது மூட்டை மணல் வேண்டும். ஷட்டர்களுக்கு முன்னால் அடுக்க இன்னும் இருபது. மணல் கிடைக்கவில்லை. ஆற்றில் அள்ளக்கூடாது, லாரி வராது, வந்தாலும் நமக்கு இல்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள்! (யாரைப் பாருங்கள் என்கிறேன்? இதைப் படிப்பது நான் மட்டும்தான்.) மணல் எதற்கு? அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் மலை மலையாகக் கிடக்கிறதே. சாம்பல் செங்கல் அறுக்கும் பட்டறையில் கேட்டேன். அள்ளிக்கொண்டு போங்க, இடம் மிச்சம் என்றார்கள். யூரியா சாக்கில் அறுபது மூட்டை. ஷட்டருக்கானதையும் சேர்த்து எல்லாவற்றையும் இரண்டு நாளில் மாடியில் ஏற்றி அடுக்கியாயிற்று. எல்லாரும் வந்து பார்த்து மெச்சினார்கள். தனகோடி அண்ணன் கூட "மூளைங்க மேடம் உங்களுக்கு" என்றார்.

மூளைதான்.

அக்டோபர் 3, சனி

பிளெக்ஸ் போர்டுகள் இறங்கிவிட்டன. கட்டடத்துக்கு முகம் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. நன்றாகவே இருக்கிறது.

அக்டோபர் 14, புதன்

ஐயோ.

மூன்று மணிக்கு மழை. அரை மணி நேரம்தான் பெய்தது, ஆனால் நல்ல மழை. நின்று அரை மணி ஆகியும் மாடிப்படியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. செல்லக்கிளி மேலே போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினாள். "யம்மா, ஏரிம்மா! மேல ஏரி!"

ஓடினேன். மொட்டை மாடி முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர், இட்லி மாவு நிறத்தில். சாம்பல் முகப்பவுடர் போல மெல்லியது, சாக்கின் நெசவு வழியாகவே கரைந்து வந்துவிட்டது. வந்து ஆறு மழைக்குழாயின் வாயிலும் போய் அடைத்துக்கொண்டது. தண்ணீருக்கு வேறு வழியில்லாமல் படியில் இறங்கி, என் கடை வாசலுக்கே வந்தது. இரண்டு பேரும் கோணி, பழைய பாவாடை, கட் பீஸ் மூட்டை எல்லாம் போட்டுத் தடுத்தோம். உள்ளே வந்ததா? வாசலில் இருந்து ஒரு முழம் தரை நனைந்தது. மெஷின் எதுவும் நனையவில்லை. ஒரு முழம்தானே? அதை உள்ளே என்று சொல்வார்களா?

இவரிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது "இன்னிக்கு உங்க பக்கம் மழையா?" என்று கேட்டார். "தூறல்" என்றேன்.

முப்பத்திரண்டு வருடத்தில் இவரிடம் பொய் சொன்னது குறைவு. அதிலும் மழையைப் பற்றிப் பொய்! அதே மழையில் நனைந்துதான் அவரும் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

அக்டோபர் 15, வியாழன்

காலையில் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை, உப்புமாவைப் பாதியில் வைத்துவிட்டேன். ஒரு முழம் நனைந்ததையும் சொன்னேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மாடிக்கு வந்து பார்த்தார். காலால் கிளறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன் விஜயா, முப்பத்திரண்டு வருசமா இந்தச் சாம்பலைத் துணியில துடைக்க, தரையில கூட்ட, உனக்கா தெரியாது? தண்ணி பட்டா பாறையா இறுகிரும்லா! அதை வச்சுத்தான ஊர்பூரா செங்கல் அறுக்கான்!"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "சரி, தண்ணி உள்ள வந்துருச்சு. தோத்துட்டேன். ஊருக்கே போவோம்" என்றேன்.

இவர் வாட்சைப் பார்த்தார். தேதி பார்த்தாராம். "இன்னிக்குப் புரட்டாசி இருபத்தெட்டு. நாம பேசினது ஐப்பசியிலருந்து. இது கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

இந்த ஆளை என்ன செய்வது?

அக்டோபர் 18, ஞாயிறு

ஐப்பசி பிறந்துவிட்டது. இனிமேல் கணக்கில் வரும்.

நேற்றும் இன்றும் மாடியில் வேலை. பதினான்கு கடையிலிருந்தும் ஆள் வந்தார்கள். முதல் தடவையாக. என் மூளையைப் பார்க்க வந்திருப்பார்கள். நனைந்த மூட்டைகளை அசைக்கக்கூட முடியவில்லை. கடப்பாரை போட்டு நெம்பினோம். குழாய்க்குள் கொளஞ்சியப்பன் கம்பியை விட்டுப் பார்த்தார், சுத்தியலால் தட்டியும் பார்த்தார்.

"பாறையா இறுகிகினு இருக்குதும்மா. அறுத்துத்தான் எடுக்கணும். எப்படியும் அறுக்கறோம், பழைய மூணு இஞ்சிக் குழாய் எதுக்கு? ஆறு இஞ்சியே போட்டுடலாங்க."

அப்படித்தான் முடிவாயிற்று. உரிமையாளரிடம் குழாய் பழையது, மாற்ற வேண்டும் என்று சொன்னேன். பழையதுதானே. ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, நானும் பேச்சை நீட்டவில்லை.

தகரத்துக்கு இனி பாரம் கிடையாது, கம்பிக் கயிறு மட்டும். ஷட்டர்களுக்கு முன்னால் உடைத்த ஓட்டுச் சில்லும் களிமண்ணும் நிரப்பிய மூட்டை. செல்லக்கிளியின் ஆறு வயது மகள் தமிழ்நிலா என்னைப் பார்த்து "சாம்பல் ஆன்ட்டி" என்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். என் வீட்டுக்காரர்.

அக்டோபர் 21, புதன்

ஆயுத பூஜை. ஏழு மெஷினுக்கும் பொட்டு வைத்தேன். புதுக் குழாய் ஆறுக்கும் போய் வைத்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 2, திங்கள்

தீபாவளித் தையல். நூற்றுப் பன்னிரண்டு ரவிக்கை. இடுப்பு போய்விட்டது. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது, இதை எழுதாமல் தூங்கக்கூடாது.

நவம்பர் 8, ஞாயிறு

கடலில் தாழ்வு மண்டலம், கடலூர் பக்கம் நெருங்குகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நாளை மறுநாள் தீபாவளி. கடைகளுக்கு இன்றுதான் உச்ச வியாபாரம்.

தனகோடி அண்ணனிடம் மூன்றாவது தடவையாகப் போனேன். "சரக்கை மேல ஏத்துங்க அண்ணே. என் கடையில வச்சுக்கங்க."

"கும்பல் நிக்கிற நேரத்துல மூட்டை தூக்கச் சொல்றீங்களே. போன மாசம் சாம்பலு, இந்த மாசம் இதுவா?"

சுருக்கென்று தைத்தது. திரும்பி வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு சொன்னேன். "அண்ணே, நான் செஞ்சது முட்டாத்தனம்தான். ஊரே சிரிச்சாச்சு. அந்தச் சாம்பல் விசயத்துல நான் தப்பு. தண்ணி விசயத்துல நான் தப்பில்ல. நாளைக்கு மழை வரலைன்னா மூட்டையை நானே கீழ இறக்கித் தர்றேன், உங்க கடை வாசல்ல நின்னு எல்லாருக்கும் கேக்க நானே சாம்பல் ஆன்ட்டின்னு சொல்றேன்."

அவர் கடைக்குள் திரும்பி, "டேய், ரெண்டு பேரு குடோனுக்கு வாங்க" என்றார்.

படியில் வரிசையாக நின்று கைமாற்றினோம். செல்போன் கடை, பேக்கரி, மருந்துக்கடை, எல்லாரும். வாங்க வந்த ஒரு அம்மா கூடத் தன் பையைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றார். இரண்டு மணி நேரத்தில் குடோன் காலி. என் கடையில் நடக்க வழியில்லை, ஓவர்லாக் மெஷின் மேல் வரை பட்டுச் சேலை. திருட்டுப் பயத்தில் அங்கேயே படுத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

நவம்பர் 9, திங்கள்

காலை ஏழு மணி. விடியற்காலையிலிருந்து மழை. மழை என்று சொல்லக்கூடாது, ஊற்றுகிறது. இவர் முதல் ஷிப்டுக்கு ஐந்தரைக்கே போய்விட்டார். "நீ வாசலைத் தாண்டக்கூடாது" என்று உத்தரவு.

பதினொரு மணி. கரண்ட் போய்விட்டது. ரோட்டில் தண்ணீர் ஓடுகிறது. எதிர் குவார்ட்டர்ஸ் சந்திரகலா வீட்டுப் புங்க மரம் சாய்ந்துவிட்டது.

மூன்று மணி. ஷிப்டு இரண்டு மணிக்கே முடிந்திருக்கும். இவரைக் காணோம். போன் போகவில்லை. மைன்ஸுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். எங்கங்க இருக்கீங்க? கடை எக்கேடும் கெட்டுப் போகட்டும், சாத்தூரே போவோம், நாளைக்கே போவோம், நீங்க வந்து சேருங்க.

ஆறு மணி. வந்துவிட்டார். தலையிலிருந்து கால் வரை சேறு. விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "பஸ் இல்ல, நடந்து வந்தேன்" என்றார். நன்றாகத் திட்டினேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மழை இன்னும் விடவில்லை.

நவம்பர் 10, செவ்வாய், தீபாவளி

பண்ருட்டிப் பக்கம் வெள்ளம் ஊரையே அடித்துக்கொண்டு போனதாம். உயிர்கள் போயிருக்கின்றன. பட்டாசு கொளுத்த யாருக்கும் மனசில்லை. பிளாக்கே அமைதியாக இருக்கிறது.

மழை கொஞ்சம் விட்டதும் நானும் இவரும் முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனோம். காம்ப்ளெக்ஸ் குடோன் கூரை வரை நிறைந்து நிற்கிறது, கிணறு போல. தனகோடி அண்ணன் அதன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கை கூப்பினார். நானும் கூப்பினேன்.

மேலே போனேன். என் கடைக் கதவு திறந்திருந்தது! உள்ளே பட்டுச் சேலை மூட்டைகளுக்கு நடுவில் செல்லக்கிளி, தமிழ்நிலா, அவர்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு குடும்பம். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும், செல்லக்கிளி தன்னிடம் இருந்த சாவியைப் போட்டு எல்லாரையும் இங்கே கூட்டி வந்துவிட்டாள். தரையில் கைவைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. தகரம் ஒன்றுகூட அசையவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றாள். அடிப்பாவி, தப்பாவா? கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவள் சொன்னதுதான். நேற்று இரண்டரை மணிக்கு இவர் ஷிப்டு முடிந்து நேராக இங்கேதான் வந்திருக்கிறார். "சாருதாம்மா மேல நின்னாரு. ஆறு இஞ்சிக் குழாயா இருந்தாலும் எல, கெள எல்லாம் வந்து மூடுது. எங்க வூட்டுக்காரரும் அவரும் இடுப்புல கயிறு கட்டிகினு, குழாய் குழாயா ஓடி ஓடிக் கையால வாரிப் போட்டாங்க. அஞ்சு மணி வரைக்கும். அந்தப் பழைய குழாயா இருந்தா அவ்ளோதாம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் தமிழ்நிலாவுக்கு அதிரசம் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். காது கேட்காதவர் மாதிரி.

மதியத்துக்குள் ரவிக்கை வாங்க முப்பது பேர் வந்துவிட்டார்கள். முழங்கால் வரை நனைந்து வந்து, நனையாத ரவிக்கையை வாங்கிப் போனார்கள்.

நவம்பர் 12, வியாழன்

இரண்டு நாளாகக் கேட்க நினைத்ததை இன்று கேட்டுவிட்டேன். "ஊருக்குப் போகணும்னு ஆசைப்பட்டீங்க. குழாய் அடைச்சா உங்களுக்கு நல்லதுதானே. எதுக்குப் போய் மழையில நின்னீங்க?"

செய்தித்தாளை மடித்து வைத்தார். "தானே அடிச்ச மறுநாள் நீ அந்த ரவிக்கைக் குவியல் மேல உட்கார்ந்து அழுதியே. நான் படியில நின்னு பார்த்தேன், பக்கத்துல வரத் தைரியமில்லை. அதை இன்னொரு தடவை பார்க்கக்கூடாதுன்னுதான் ஊருக்கே போவோம்னேன். எனக்கு ஊரு என்ன ஊரு."

இவர் அன்று படியில் நின்றது நான்கு வருடமாக எனக்குத் தெரியாது. அழுகை வந்தது, அதையும் பார்க்கக்கூடாது என்றாரே என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 30, திங்கள்

ரிட்டயர்மென்ட். மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். எல்லாருக்கும் கடிகாரம்தான் கொடுக்கிறார்கள், இனிமேல் நேரத்துக்கு எங்கும் போக வேண்டாம் என்கிற ஆளுக்கு.

டிசம்பர் 2, புதன்

மறுபடியும் கொட்டுகிறது. எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம், ரெயின்கோட்டையும் காணோம். இந்த முறை எங்கே என்று தேடவில்லை. பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு நானும் மாடிக்குப் போய்விட்டேன். மூன்று குழாய் அவருக்கு, மூன்று எனக்கு.

டிசம்பர் 17, வியாழன்

மார்கழி ஒன்று. கார்த்திகை நேற்றோடு முடிந்தது. காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன், இவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மாலையில் காம்ப்ளெக்ஸ் கூட்டம். பதினான்கு கடையிலிருந்தும் வந்துவிட்டார்கள், பஜ்ஜி போதவில்லை. குடோனில் இனிச் சரக்கு வைப்பதில்லை, ஜெனரேட்டரை மேலே ஏற்றுவது, வருடா வருடம் ஆவணி மாதமே மாடியைப் பார்த்துவிடுவது என்று பேசினோம். மாடிக்கு யார் பொறுப்பு என்றதும் வழக்கம்போல எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

கடைசி நாற்காலியிலிருந்து இவர் எழுந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்றே நான் கவனிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த வெள்ளைத்தாளை எடுத்து, மேஜைக்கு வந்து என்னிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். முறையாக எழுதிய விண்ணப்பம். அனுப்புநர் அய்யாசாமி. பெறுநர் செயலாளர் அவர்கள். மொட்டை மாடிப் பராமரிப்பு வேலைக்கு. முன் அனுபவம், மைன்ஸில் முப்பத்துநான்கு வருடம், மாடியில் இரண்டு மழை.

முகவரி என்ற இடத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் இல்லை. இந்திரா நகர், மூன்றாவது தெரு, மாடி வீடு என்று இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கேயே வீடு பார்த்து முடித்திருக்கிறார்!

எழுத்தெல்லாம் மங்கிப் போய்விட்டது எனக்கு. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் குரலைச் சரி செய்துகொண்டு, "பர்மனென்ட் எல்லாம் கிடையாது, கான்ட்ராக்ட்தான்" என்றேன்.

"போதுங்க மேடம்" என்றார். செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாளை காலை எட்டு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எட்டு என்றால் எட்டு.